வானூர்தி ஓட்டும் உரிமமும் எல்லையூர்ப் பிள்ளைகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் கேட்டு மகிழ்கின்றோம். இவ்வாண்டு இளைஞர்தம் வாழ்க்கைக்குப் பயன்படும் பொருள் ஒன்றும் இடம்பெற வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். விமானி ஆவதற்கு என்ன படிக்க வேண்டும், எத்துணைப் பொருள் வேண்டும் என்னும் வினாவைப் பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நின்று நம்மிடம் கேட்டவர் பலர். இரயில் ஓட்டுநர்க்கு இந்நாளில் லோகோ பைலட் என்று பெயர் வழங்குவதால், பைலட் பற்றியது எதுவாயினும் இரயில்வே எழுத்தர்க்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் கருதினர் போலும்! நாம் பத்தாம் வகுப்புத் தேறிப் பணியிற் சேர்ந்தவர். விமானம் ஓட்டியவர் அல்லோம். ஆயினும் விதிகளைப் படித்தலும் கணக்கைச் சரிபார்த்தலும் நம் அன்றாடத் தொழில். அத்தொழிற் பழக்கத்தைத் துணைக்கொண்டு, விமானி உரிமத்தின் விதியையும் கணக்கையும் இவ்வவையின் முன் வைக்கின்றோம்.

பறப்பதற்கு முன் பயில வேண்டும் என்னும் கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணியைக் கற்றோர் இங்குப் பலர் உளர். சச்சந்தன் என்னும் அரசன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். செய்வித்ததோடு நில்லாமல், தன் தேவியாகிய விசயையை அதில் ஏற்றி, அதனைச் செலுத்தவும் இறக்கவும் பழக்கினான். பகை சூழ்ந்த நாளில் கருவுற்றிருந்த அவ்வரசி தனியே பொறி ஏறித் தப்பியதற்கு அப்பழக்கமே துணை நின்றது. பொறியைப் பொருள் கொடுத்துச் செய்வித்துக் கொள்ளலாம். அதனைச் செலுத்தும் பழக்கத்தைப் பழகித்தான் பெற வேண்டும். இன்று நாம் கூற வந்த செய்தியும் அதுவே.

நம் சாளரத்தில் பணத்தை நீட்டினால் பயணச்சீட்டு வரும். சீட்டை வாங்குபவர் யார், அவர்க்கு என்ன தெரியும் என்று நாம் கேட்பதில்லை. விமானி உரிமம் அத்தகைய சீட்டு அன்று. அது ஒருவர் உண்மையாகப் பறந்த மணிகளின் தொகை; எழுதித் தேறிய தாள்களின் தொகை; மருத்துவர் கண்டறிந்த உடல்நலத்தின் சான்று. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது செல்லாது. இவ்வுண்மை அறியாமையால் நம் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் சில இரப்பர்த் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்துத் துன்புறுகின்றன. ஆதலின், இப்பேச்சைப் பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றோர் கூர்ந்து கேட்டல் வேண்டும்.

முதலில் நம் பக்கத்து வரலாற்றைச் சிறிது காண்போம். இந்திய நாட்டில் முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. அவர் அதனைப் பெற்ற நாள் 1929 பிப்ரவரி 10. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் அவரே கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்தார். அத்தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட் என்பார். அதே 1932-இல் கோதவர்ம ராஜா அவர்களின் முயற்சியால் திருவனந்தபுரத்தில் விமானத் தளம் தோன்றியது. அவர் தாமும் ஒரு விமானி. பின்னாளில் கேரளத்து விளையாட்டுத் துறையை வளர்த்த ஜி. வி. ராஜா என்று நாடு போற்றியவர் அவரே. 1935-இல் டாட்டா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து வந்து அத்தளத்தில் இறங்கியது. பாறசாலை வழியாக நாகர்கோயிலுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979-இல் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நம் எல்லையூர்களுக்கு இரயில் வருவதற்கு 44 ஆண்டுகட்கு முன்னரே வானத்தில் விமானம் வந்துவிட்டது!

பெண்மக்களும் பின்தங்கவில்லை. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் அம்மையார் 1949-இல் பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் பயின்று விமானி ஆனார். மறு ஆண்டே கணவர் சுந்தரம் அவர்களுடன் இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானம் ஒன்றை 27 மணியில் ஓட்டி வந்தார். நம் நெய்யாற்றின்கரை வட்டத்திற்கே வருவோம். கொச்சுத்துறை என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த ஜெனி ஜெரோம் என்னும் இளம்பெண் 2021 மே மாதத்தில் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த விமானத்தில் துணை விமானியாக அமர்ந்து வந்தார். பூவாற்றுக்கு அண்மையிலுள்ள அக்கடற்கரை நமக்கு எவ்வளவு தொலைவு? பேருந்தில் ஒரு மணி நேரங்கூட இல்லை. ஆதலின், இது பெருநகரத்துச் செல்வர்க்கே உரியது என்று எண்ணி ஒதுங்க வேண்டுவதில்லை. வழி அறிந்து செல்ல வேண்டும் என்பதே நம் கருத்து.

இனி உரிமங்களின் படிகளைக் கூறுவோம். உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய அரசின் குடிமை வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் கையில் உள்ளது. டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கி வழங்குவர். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்திற்கு மாற்றாக 2024-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி மணிகளின் கணக்கு 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் வகுக்கப்பட்டதாகும்.

முதற்படி மாணவ விமானி உரிமம். வயது 16 நிரம்ப வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். இரண்டாம் தர மருத்துவச் சான்று வேண்டும். இதனைப் பெற்றவர் ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே பறக்கலாம். எவரையும் பயணியாக ஏற்றுதல் கூடாது.

இரண்டாம் படி தனியார் விமானி உரிமம். வயது 17, கல்வி பத்தாம் வகுப்பே போதும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். இவ்வுரிமம் உடையார் பயணிகளை ஏற்றிச் செல்லலாம். ஆயின் அதற்குக் கூலி பெறுதல் கூடாது. நம்மைப் போன்ற பத்தாம் வகுப்புக்காரரும் பொருள் இருந்தால் இதனைப் பெறலாம். பெற்று மகிழலாமேயன்றிப் பிழைக்க இயலாது.

மூன்றாம் படியே பிழைப்புக்குரிய படி. அது வணிக விமானி உரிமம். வயது 18 நிரம்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்று தேறியிருக்க வேண்டும். முதல் தர மருத்துவச் சான்று வேண்டும். பறக்கும் கணக்கு 200 மணி. அதனுள் 100 மணி தாமே தலைமைப் பொறுப்பேற்று ஓட்டியதாக இருத்தல் வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லும் நெடும்பயணம் 20 மணி. அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், இடையில் வெவ்வேறு இரண்டு தளங்களில் இறங்கி நின்று புறப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், எனவே 300 கடல் மைல் ஏறத்தாழ 556 கிலோமீட்டர். கருவிகளை மட்டும் நோக்கி ஓட்டும் பயிற்சி 10 மணி. இரவிற் பறத்தல் 5 மணி, அதற்குள் பத்து முறை ஏறி இறங்குதல். இவை தனித்தனியே நிறைவேற வேண்டும். மொத்தம் 200 ஆயிற்று, இரவுக் கணக்கில் ஒன்று குறைகிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்ல இடமில்லை.

200 மணி என்பதை எட்டு மணி நேர வேலைநாளால் வகுத்தால் 25 நாள் வரும். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் போலும் என்று தோன்றும். உண்மை அவ்வாறன்று. மாணவர் ஒரு நாளில் ஒன்று அல்லது இரண்டு மணி பறப்பதே பெரிது. மழை பெய்தால் இல்லை; காற்று மிகுந்தால் இல்லை; விமானம் பழுதுபார்ப்பில் இருந்தால் இல்லை; ஆசிரியர் விடுப்பில் இருந்தால் இல்லை. நம் நாட்டில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் எத்தனை நாளை விழுங்கும் என்று உழவர்க்குச் சொல்ல வேண்டுமோ? ஆதலின், ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு, சிலர்க்கு அதற்கு மேலும் ஆகும். ஆறே மாதத்தில் உரிமம் என்று விளம்பரம் செய்வாரைக் கண்டால், வானிலையைத் தம் கையில் வைத்திருக்கின்றனரா என்று கேளுங்கள்.

எழுத்துத் தேர்வுகளும் உள. வான்போக்குவரத்து விதிகள், வழிகாண் கலை, வானிலை இயல், விமானம் பற்றிய பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமான வகையின் தொழில்நுட்பம் என்பன தாள்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 பெற வேண்டும். நம் பள்ளித் தேர்வில் 35 பெற்றுத் தேறிய பழக்கம் இங்கு உதவாது. வானொலியிற் பேசுதற்கும் தனித் தேர்வு உண்டு. இத்தேர்வுகளுக்குப் பதிவு செய்யும்போதே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றின் உண்மையைத் தேர்வு வாரியத்தின் வாயிலாக உறுதிப்படுத்திக் காட்ட வேண்டும்.

உரிமத்தின் மேல் ஏற்றப்படும் தகுதிகளை ரேட்டிங் என்பர். இதனை இரயில்வே வழக்கால் விளக்குவோம். திறமை மிக்க ஓட்டுநராயினும், தமக்குப் புதிய தடத்தில் உடனே வண்டியைச் செலுத்த விடமாட்டார்கள். அத்தடத்தின் ஏற்றம், இறக்கம், வளைவு, கைகாட்டி அனைத்தையும் உடன் சென்று கற்று, கற்றேன் என்று கையெழுத்திட்ட பின்னரே அவர் தனியே ஓட்டலாம். விமானியின் ரேட்டிங்கும் அத்தகையதே. ஓர் எஞ்சின் விமானத்தில் பயின்றவர் இரண்டு எஞ்சின் விமானத்திற்குத் தனித் தகுதி பெற வேண்டும். முகிலிலும் மூடுபனியிலும் கருவிகளை நம்பி ஓட்டுவதற்குக் கருவித் தகுதி வேண்டும். அதற்குத் தலைமைப் பொறுப்பில் 50 மணி நெடும்பயணமும், 40 மணி கருவிப் பயிற்சியும் கணக்கு. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற பெரு விமானங்களுக்கு வகைக்கு ஒன்றாகத் தகுதி உண்டு. ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றை ஓட்டுதல் இயலாது. பிறர்க்குக் கற்பிக்க விரும்புவார்க்கு ஆசிரியத் தகுதியும் தனியே உண்டு.

இவற்றிற்கெல்லாம் மேற்படி, வான்வழிப் போக்குவரத்து விமானி உரிமம். வயது 21, பறந்த கணக்கு 1,500 மணி. பெரிய பயணி விமானத்தின் தலைவராக அமர்வோர்க்கு இதுவே வேண்டும். இளைஞர்களே, 200 மணியில் முடிந்தது என்று எண்ணுவது, சங்கத்தில் உறுப்பினராய்ச் சேர்ந்த அன்றே தலைவர் நாற்காலியை நோக்குவது போன்றதாகும்.

இத்துணை மணி, இத்துணைத் தாள் என்று ஏன் இவ்வளவு கடுமை? விதி செய்தோர் மனம்போன போக்கில் எழுதிய எண்கள் அல்ல இவை. இரயில்வே விதிநூலின் வரிகள் பலவற்றிற்குப் பின்னால் ஒரு விபத்து உண்டு. வான்போக்குவரத்திலும் அவ்வாறே.

கருவிப் பயிற்சி ஏன் வேண்டும்? 1978 சனவரி 1-ஆம் நாள் இரவு, பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் பேரரசர் அசோகர் என்னும் விமானம் சிறிது நேரத்திற்குள் அரபிக் கடலில் வீழ்ந்தது. உயிரிழந்தோர் 213 பேர். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி ஒன்று பழுதுபட்டது. கடலின் மேல் இருளில் வானும் நீரும் வேறுபடவில்லை. மனிதனின் காதினுள் உள்ள சமநிலை உறுப்பு, மெல்லச் சாயும் சாய்வை உணராது. சாய்ந்திருக்கும்போதே நேராக இருப்பதாக நம்பச் செய்யும். உடல் சொல்வதை ஒதுக்கி, பல கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது உண்மை என்று துணியும் பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. அதனை உண்டாக்குவதே கருவிப் பயிற்சியின் நோக்கம்.

ஆங்கிலத் தேர்ச்சி ஏன் வேண்டும்? 1996 நவம்பர் 12-ஆம் நாள் அரியானாவில் சார்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேல் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். இறங்கி வந்த விமானம் தனக்குக் குறித்த உயரத்தில் நில்லாமல் கீழே வந்துவிட்டது. கட்டுப்பாட்டு நிலையத்தார் ஆங்கிலத்தில் கூறியதை அவ்விமானத்தார் சரிவரப் புரிந்து கொள்ளாமையும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அதன்பின் உலக நாடுகள் கூடி, விமானிகட்கு ஆங்கில மொழித் தேர்ச்சியின் அளவை வகுத்தன. 2008 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நான்காம் நிலைக்குக் குறைந்தவர் பன்னாட்டு விமானத்தில் வானொலியிற் பேச இயலாது.

வானிலைப் பாடம் ஏன் வேண்டும்? 2020 ஆகஸ்டு 7-ஆம் நாள் கோழிக்கோட்டில் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. மழை இரவு, பின்புறமிருந்து தள்ளும் காற்று, மேட்டின் மேல் அமைந்த ஓடுதளம். துபாயிலிருந்து வந்த விமானம் இறங்க வேண்டிய இடத்தைக் கடந்து இறங்கி, தளத்தின் எல்லைக்கு அப்பால் பள்ளத்தில் வீழ்ந்தது. உயிரிழந்தோர் 21 பேர். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் ஊர்த் தாய்மார் அவ்விரவில் உறங்கவில்லை. தரையில் அமர்ந்து படிக்கும் வானிலைத் தாளுக்கும் அவ்வோடுதளத்திற்கும் இடையே தொலைவு மிகச் சிறிது.

மொழி பற்றி இன்னும் ஒரு சொல். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக நாம் வாழ்கின்றோம். அதே 1956-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில்தான் உலக விமானிகட்கெல்லாம் பொதுவான எழுத்து முறை நடைமுறைக்கு வந்தது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்ட்டா என்று எழுத்துகளைச் சொல்லால் உரைக்கும் முறை அது. தமிழ் வழியிற் பயின்ற பிள்ளையும் மலையாள வழியிற் பயின்ற பிள்ளையும் அவ்வானொலியின் முன் ஒரே நிலையில் நிற்பர். இருவர்க்கும் அது புதுமொழி. இரு மொழிகளைச் சிறுவயது முதல் பேசிப் பழகிய எல்லையூர்ப் பிள்ளைக்கு மூன்றாம் மொழி அச்சம் தருவதாக இருக்கக் கூடாது.

இனிப் பெற்றோர் கேட்க வேண்டிய பகுதிக்கு வருவோம்.

முதலாவது, பத்தாம் வகுப்பு முடிந்ததும் நிரப்பும் விண்ணப்பம். விமானி ஆகும் கதவு திறப்பதும் மூடுவதும் அவ்வொரு தாளில்தான். கேரளத்துப் பள்ளியிற் சேர்வோர் ஏகஜாலக விண்ணப்பத்தில் இயற்பியலும் கணிதமும் உள்ள அறிவியற் பிரிவையே கேட்க வேண்டும். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் சென்று தமிழ்நாட்டுப் பள்ளியிற் சேர்வோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அங்குத் தாவரவியலும் விலங்கியலும் உள்ள, கணிதம் இல்லாத அறிவியற் பிரிவும் உண்டு. அறிவியல் படித்தோம் என்று எண்ணிக் கணிதத்தை இழந்தவர் சிலர். சில ஆண்டுகட்கு முன், மலையடிவாரத்து இரப்பர் விவசாயி ஒருவர் நம் சாளரத்தின் முன் நின்று தொலைதூர நகரத்திற்குச் சீட்டுக் கேட்டார். மகன் விமானி ஆவதற்கு இடைத்தரகர் ஒருவரிடம் முன்பணம் கொடுத்தாயிற்று என்றார். மகன் படித்தது வணிகவியல். அவன் விமானி ஆக முடியாது என்பது பணத்தைப் பெற்றுக்கொண்டவர்க்குத் தெரியாதா? தெரியும். தந்தைக்குத் தெரியாது, அத்தெரியாமையே அவருடைய வியாபாரம். வணிகவியல் படித்த பிள்ளைக்கும் முழுவதும் வழி அடைந்துவிடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் எழுதித் தேறலாம். இந்தச் சிறு செய்தி அத்தந்தைக்கு முன்னரே கிடைத்திருந்தால் முன்பணம் மிஞ்சியிருக்கும். இவ்விதியைத் தளர்த்தலாம் என்னும் பேச்சு 2025-இல் எழுந்தது. பேச்சை நம்பிப் பாடத்தைக் கைவிடாதீர்கள்.

இரண்டாவது, மருத்துவச் சோதனை. பணம் கட்டிய பின் சோதனைக்குச் செல்வது, வண்டி புறப்பட்ட பின் சீட்டு வாங்குவதை ஒக்கும். முதலில் இரண்டாம் தரச் சான்று. அடுத்து முதல் தரச் சான்று. இரண்டும் கைக்கு வந்த பின்னரே கட்டணம். கண்ணாடி அணிந்தோர் எல்லாரும் தள்ளப்படுவர் என்பது தவறான எண்ணம். கண்ணாடியால் திருந்தும் பார்வைக்குக் குறித்த எல்லைக்குள் இடம் உண்டு. சிவப்பு, பச்சை முதலிய நிறங்களைப் பிரித்தறிய இயலாமையோ பெரிய தடையாகும். இரயில் ஓட்டுநர்க்கும் அச்சோதனை உண்டு. கைகாட்டியின் நிறம் தெரியாதவர் கையில் உயிர்களை ஒப்படைக்க எத்துறையும் துணியாது.

மூன்றாவது, பொருட்செலவு. வணிக உரிமம் வரையில் ஐம்பது இலட்ச ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் செலவாகின்றது. பெரு விமானத்திற்குரிய வகைத் தகுதிக்கு மேலும் சில இலட்சங்கள் வேண்டும். உரிமம் கிடைத்த அன்றே வேலை கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை. 2012-இல் கிங்பிஷர் நிறுவனமும், 2019-இல் ஜெட் ஏர்வேஸ் நிறுவனமும் பறத்தலை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான மணி பறந்த விமானிகளே வேலையின்றி நின்றனர். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் விமானங்களே தரையில் நின்றன. அத்தகைய ஆண்டில் கடன் தவணை மட்டும் நில்லாது. ஆகவே, இருக்கும் ஒரே வீட்டை ஈடு வைக்குமுன் இருமுறை எண்ணுங்கள்.

நான்காவது, பள்ளியைத் தேர்தல். கட்டடத்தின் அழகையும் சீருடையின் மினுக்கத்தையும் பாராதீர்கள். பறக்கும் நிலையில் உள்ள விமானங்கள் எத்தனை? ஆசிரியர் எத்தனை பேர்? மாணவர் எத்தனை பேர்? சென்ற ஆண்டு சேர்ந்தவர் இதுவரை எத்தனை மணி பறந்தனர்? இந்நான்கு வினாக்கட்கும் விடை பெறுங்கள். டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து 2025-இல் முதன்முறை வெளியிட்டபோது, மிக உயர்ந்த இரு தரங்களை ஒரு பள்ளியும் பெறவில்லை. அப்பட்டியலைப் பார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள். வெளிநாட்டில் பயின்று வருவோர் இங்கு மீண்டும் தாள்கள் எழுதி, பறந்து காட்டி, உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

ஐந்தாவது, பதிவேட்டின் நேர்மை. 2011-இல் போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் பெற்ற விமானிகள் சிலர் அகப்பட்டுக் கைதாயினர். வடநாட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றில், பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதியமையும் அப்போது வெளிப்பட்டது. நாம் பதிவேட்டோடு வாழ்பவர். பணக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் கைப்பணத்தைப் போட்டு நேர் செய்துவிடலாம். பறந்த கணக்கில் ஒரு மணி குறைந்தால் எதைக்கொண்டு நேர் செய்வது? அக்குறை முகிலுக்குள் நூற்றுவரோடு செல்லும் நாளில் வெளிப்படும். குறைந்த செலவில் மணிகளை எழுதித் தருகின்றோம் என்பார் எவராயினும், அவர் நம் பிள்ளைக்குச் சலுகை செய்யவில்லை; அவன் உயிரையும் பிறர் உயிரையும் விலை பேசுகின்றார்.

பொருள் இல்லாதார்க்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயில்வோர் நேஷனல் டிபென்ஸ் அகாடமித் தேர்வை எழுதி, விமானப் படையில் சேர்ந்தால் அரசே சம்பளம் கொடுத்துப் பறக்கக் கற்பிக்கின்றது. 2022 முதல் அங்குப் பெண்களும் சேர்க்கப்படுகின்றனர். விமானப் படையின் தென்மண்டலத் தலைமையகம் நம் திருவனந்தபுரத்து ஆக்குளத்தில்தான் உள்ளது. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ககன்யான் வீரர்களாக அறிவிக்கப்பட்ட நால்வரும் விமானப் படை விமானிகளே; அவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையிற் பிறந்தவர். மத்திய அரசு நடத்தும் பயிற்சிக் கழகம் உத்தரப் பிரதேசத்துப் புர்சத்கஞ்சில் உள்ளது. கேரள அரசின் ராஜீவ் காந்தி வான்தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் உள்ளது. இவ்வரசுக் கழகங்களில் இட ஒதுக்கீடும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்குக் கட்டண உதவியும் எவ்வாறு உள்ளன என்பதைத் தரகர் வாயிலாகக் கேளாமல் நேரிற் சென்று கேளுங்கள். பாறசாலையிலிருந்து காலை வண்டியில் ஏறினால் மாலைக்குள் விடையோடு திரும்பலாம்.

பத்தாம் வகுப்போடு நின்றவர்க்கும் ஒரு சொல். டிரோன் என்னும் ஆளில்லா விமானத்தை இயக்க, 2021-ஆம் ஆண்டின் விதிப்படி 18 வயதும் பத்தாம் வகுப்பும் போதும். ஏற்புப் பெற்ற பயிற்சி நிலையத்தில் சில நாள் பயின்று சான்றிதழ் பெறலாம். மருந்து தெளிக்கவும் நிலம் அளக்கவும் அதற்குத் தேவை உண்டு. செலவு விமானி உரிமத்தின் செலவில் மிகச் சிறு பகுதியே.

பெரியோர்களே, பாலராமபுரத்துத் தறிக்குழிகளை எண்ணிப் பாருங்கள். பாலராமவர்மா மன்னர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தன. குழியில் அமர்ந்த பிள்ளைக்கு முதல் நாளே வேட்டியின் கரையை நெய்யக் கொடுத்தார்களா? நூல் சுற்றினான், பாவு பிடித்தான், இழை எண்ணினான், பல நாள் கழித்தே நாடா அவன் கைக்கு வந்தது. எண்ணிப் பழகும் பொறுமை குடியேறி வந்த நம் இனத்தார்க்குப் புதிதன்று. அப்பொறுமையோடு அணுகினால் 200 மணியும் நம் பிள்ளைகட்கு எட்டும்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். நாம் பெரிய நிதி எதுவும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் மாதத்தில், நம் சங்கக் கூடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட வேண்டும். பிள்ளைகளும் பெற்றோரும் விண்ணப்பத்தோடு அங்கு வரட்டும். எப்பிரிவு எத்தொழிலுக்கு வழி, எச்சான்று எப்போது வேண்டும், எங்கே பணம் கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று படித்தறிந்தோர் எடுத்துரைக்கட்டும். அலுவல் முடிந்த மாலைகளில் அம்மேசைக்குப் பின் அமர நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். ஆசிரியப் பெருமக்களும் உடன் அமர்ந்தால் நன்று. ஒரு குடும்பம் வீணாக ஈடு வைக்காமல் தப்பினாலும், ஒரு பிள்ளை கணிதத்தைக் கைவிடாமல் நின்றாலும் அம்மேசை பயன்பட்டதாகும்.